எல்லைப் படையின் ஓநாய்நாய்: செக்கோஸ்லோவாகியாவில் நடந்த ஒரு கலப்புச் சோதனை

2025 மார்ச்சில் பெங்களூருக்காரர் ஒருவர் 50 கோடி ரூபாய் கொடுத்து ஓநாய்க் கலப்பு நாய் ஒன்றை வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் எனக்கே நாலைந்து பேர் அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதமே அமலாக்கத் துறை சோதனைக்குப் போக, அந்த விலைக் கதை நிற்கவில்லை. அது போகட்டும். செய்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கீழே ஒரே கேள்வியைப் போட்டிருந்தார்கள்: "ஓநாய் ரத்தம்னா காவலுக்குச் செமையா இருக்கும்ல?"

இந்தக் கேள்வியை வெறும் பேச்சாக விடாமல் கையில் எடுத்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. பனிப்போர் காலத்துச் செக்கோஸ்லோவாகியாவின் எல்லைக் காவல் படை. அவர்களிடம் ஓநாய் இருந்தது, நல்ல நாய்க் கொட்டில் இருந்தது, முழுநேரப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத அரசு பின்னால் இருந்தது. 1955ல் தொடங்கியது. கடைசி ஓநாயை இணை சேர்த்தது 1983ல். நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் இவ்வளவு காலம் நீடித்த, இவ்வளவு பதிவுகள் உள்ள ஓநாய்க் கலப்பு அதிகம் கிடையாது. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் முரட்டு நாட்டு நாய் ஒன்றைக் காட்டி "இது செந்நாய்க்குப் பிறந்தது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செந்நாய் வேறு பேரினம். நாய்க்கு ஒன்றுவிட்ட உறவு என்றுகூடச் சொல்ல முடியாத தூரம். ஓநாய் அப்படியில்லை. நாயும் ஓநாயும் ஒரே இனம், இரண்டுக்கும் 78 குரோமோசோம்கள். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடாகப் போகும். ஓநாய்க்கும் நாய்க்கும் பிறக்கும் குட்டி கடுவனானாலும் பெட்டையானாலும் மறுபடி ஈனும், ஈனவைக்கும். ஆக, கலக்க முடியுமா என்பதில் சிக்கல் இல்லை. கலந்தபின் என்ன வருகிறது என்பதில்தான்.

பிரிதாவின் முதல் ஈற்று

திட்டத்தை நடத்தியவர் கரெல் ஹார்ட்ல். இடம் தெற்கு பொஹீமியாவில் லிபியெயோவித்ஸே. தாளில் எழுதியிருந்த நோக்கம் உயிரியல் ஆராய்ச்சி: கார்பாத்திய மலைத்தொடரின் ஓநாயையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் சேர்த்தால் குட்டி பிழைக்குமா, வளருமா, அடுத்த தலைமுறை உண்டா? ஆனால் கொட்டில் எல்லைப் படையுடையது. மேற்கு ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒட்டிய நெடிய கம்பிவேலி ஓரமாக நாள் முழுக்க நடக்க, மோப்பம் பிடிக்க, ஆளைத் துரத்த நாய் தேவைப்படும் படை. அப்படிப்பட்ட இடத்தில் ஓநாயை வாங்கி வைத்துக்கொண்டு வெறும் அறிவுத் தாகம் என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

1958 மே 26. பிரிதா என்ற பெண் ஓநாய் குட்டி போட்டது. தகப்பன், சேசர் ஸ ப்ரெஸோவேஹோ ஹாயே என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் கடுவன். பேரின் பின்பாதி அது பிறந்த கொட்டிலைக் குறிப்பது. 'பிர்ச் மரத் தோப்பைச் சேர்ந்த' என்று பொருள். சினைக் காலம் 63 நாள் என்று பின்னோக்கி எண்ணினால் இணை சேர்ந்தது மார்ச் 24 வாக்கில் இருக்கும். நாய் வருடத்துக்கு இரண்டு முறை சூட்டுக்கு வரும். ஓநாய்க்கு ஒரே ஒரு தடவை, அதுவும் குளிர்காலக் கடைசியில் சில நாட்கள். அந்த நாட்களில் அது கடுவனை ஏற்காவிட்டால் அடுத்த வருடம்தான். 1955ல் ஆரம்பித்த வேலைக்கு முதல் ஈற்று 1958ல் வந்ததைப் பார்த்து நாய் வளர்க்கிறவன் எவனும் ஆச்சரியப்பட மாட்டான்.

அந்த முதல் தலைமுறைக் குட்டிகள் பார்வைக்கும் ஓநாய்தான், நடத்தைக்கும் ஓநாய்தான். வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பயிற்சி கொடுக்க முடிந்தது; ஆனால் போட்ட உழைப்புக்கு ஏற்ற பலன் வரவில்லை என்று இனத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. படை மொழியில் நாசூக்காகச் சொன்னது அவ்வளவுதான். பழக்கியவன் கையைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருக்கும்.

பிறகு வழக்கமான வழி. அரை ஓநாயை மறுபடி ஜெர்மன் ஷெப்பர்டோடு சேர்த்தால் கால். அதையும் சேர்த்தால் அரைக்கால். நான்காம் தலைமுறையில் கணக்குப்படி 6.25 சதவீதம். மூன்று, நான்கு தலைமுறை ஆனபின் பெரும்பாலான குட்டிகள் மற்ற நாய்களோடு சேர்ந்து சாதாரணப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தன, பணிக்கும் போயின. திசை அறிவது, இருட்டில் பார்ப்பது, காது, மூக்கு எல்லாவற்றிலும் அவை மற்ற நாய்களைவிட மேல் என்று பதிவு செய்தார்கள். 100 கிலோமீட்டர் ஓட்டச் சோதனையில் களைத்து விழாமல் முழுத் தூரத்தையும் முடித்தன.

இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பாய்ச்சல் ஓட்டமில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரே சீரான பெருநடை. ஒடுங்கிய நெஞ்சு, நீண்ட கால்கள், உடம்பை ஒட்டிய முழங்கை. முன்கால் பதிந்த இடத்திலேயே பின்கால் வந்து விழும். ஈர மண்ணில் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி ஒற்றை வரிசைத் தடம். ஆழமான பனியில் நடக்கிற ஓநாய்க்கு இது மிச்சம் பிடிக்கும் வித்தை: ஒரு காலுக்குப் பள்ளம் போட்ட இடத்தை இன்னொரு கால் பயன்படுத்திக்கொள்கிறது. முதுகு குலுங்காது, தலை கழுத்துக்கு நேராக முன்னால் நீண்டிருக்கும். ஷெப்பர்ட் நாக்கைத் தொங்கவிட்டுப் படுக்கும் நேரத்தில் இது இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

உடம்பு வந்துவிட்டது. மனசு?

பயம்தான் வந்தது

ஓநாய் என்றால் வீரம் என்று நாம் நினைப்பது கதை கேட்டு வளர்ந்ததால். காட்டில் ஓநாயை உயிரோடு வைத்திருப்பது அதன் சந்தேக புத்தி. புதிய பொருள், புதிய வாசனை, புதிய ஆள் எதுவானாலும் முதலில் ஒதுங்கு, தூரத்திலிருந்து பார், பிறகு முடிவு செய். வேட்டையில் காயம்பட்ட ஓநாய்க்கு மருத்துவர் கிடையாது, ஆகவே தேவையில்லாத சண்டைக்கு அது போகாது. காவல் நாய்க்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம். முன்பின் தெரியாத ஆள் தடியை ஓங்கும்போது முன்னால் போக வேண்டும். வாசலில் ஆள் நிழல் தெரிந்ததும் ராஜபாளையம் நாய் என்ன செய்கிறது? அந்த முன்னால் போகும் துணிவு மனிதன் பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்தது. ஓநாய் ரத்தம் அதைக் கூட்டுவதில்லை, கரைக்கிறது.

இதன் வேர் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. ஓநாய்க் குட்டி இரண்டு வாரத்திலேயே தட்டுத்தடுமாறி நடந்து உலகத்தை ஆராயத் தொடங்கிவிடும். அந்த வயதில் அதற்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. காதும் கண்ணும் சரியாகத் திறக்க இன்னும் சில வாரம். ஆகவே பின்னால் முதன்முறை கேட்கிற சத்தமும் பார்க்கிற உருவமும் அதற்கு அதிர்ச்சியாக வருகின்றன. நாய்க்குட்டி நான்கு வாரம் சும்மா கிடந்து, மூக்கு, காது, கண் மூன்றும் தயாரான பிறகுதான் வெளியே வருகிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பழகிக்கொள்கிறது. குக்கர் விசில், பைக் சத்தம், தாத்தாவின் கைத்தடி எதுவும் அதற்குப் பூதமில்லை. இரண்டு வார வித்தியாசம். வாழ்நாள் முழுக்க அதன் விளைவு நிற்கிறது.

புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் கையிலேயே வளர்த்த ஓநாய்களையும் நாய்களையும் வைத்து ஒரு சோதனை செய்து 2003ல் வெளியிட்டார்கள். இறைச்சியை எடுக்க முடியாதபடி அடைத்து வைத்தால் நாய் கொஞ்சம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதன் முகத்தைப் பார்க்கிறது: "என்னப்பா, எடுத்துக் கொடேன்." ஓநாய் திரும்பிப் பார்ப்பதே அரிது. அது தன் பாட்டுக்கு முயன்றுகொண்டே இருக்கும். பயிற்சியாளன் நாயிடம் வேலை வாங்குவது அந்தத் திரும்பிப் பார்க்கும் ஒரு நொடியை வைத்துத்தான். அது இல்லாத விலங்கிடம் கட்டளைக்கு என்ன மதிப்பு?

செக்கோஸ்லோவாக் ஓநாய்நாயை வளர்க்கிறவர்கள் இன்றும் சொல்வது இதன் மிச்சம்தான். "உட்கார்" என்று சொன்னால் முதல் தடவை உட்காரும், இரண்டாம் தடவை உட்காரும். நான்காம் தடவை, எதற்கு என்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே பயிற்சியை வீணாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதே இந்த நாயிடம் தோல்வி காண்பதற்கு முதல் காரணம் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். குரைப்பும் குறைவு, காது, வால், உதட்டின் அசைவு, உறுமல், ஊளை இவற்றால்தான் பேசும். தன் ஆளை உயிராக ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே தனியாக வீட்டில் விட்டுப் போனால் கதவுத் தாழ்ப்பாள் பிழைக்காது, வேலிக்கு அடியில் மண்ணும் பிழைக்காது.

டச்சுக்காரர் ஒருவர் முன்பே பட்டது

ஹார்ட்லுக்கு முன்னால் இதே பாதையில் போனவர் நெதர்லாந்தின் லீன்டெர்ட் சார்லோஸ். 1932ல் கெரார்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டை ரோட்டர்டாம் விலங்குக்காட்சி சாலையிலிருந்து கிடைத்த ஃப்ளர் என்ற பெண் ஓநாயோடு சேர்த்தார். ஷெப்பர்ட் இனம் மனிதன் கையில் நலிந்துவிட்டது, ஓநாய் ரத்தம் பாய்ச்சினால் பழைய வலு திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. திரும்பி வந்தது கூச்சம். அந்நியரைக் கண்டால் அவருடைய நாய்கள் தாக்குவதில்லை, விலகி ஓடின. 1969ல் சார்லோஸ் இறந்தார். 1975ல் நெதர்லாந்து நாயினச் சங்கம் அவர் பேரிலேயே இனத்தை அங்கீகரித்தது. இன்னொரு வேடிக்கை: ஜெர்மன் ஷெப்பர்டில் காணப்படும் பிட்யூட்டரிக் குள்ளத்தன்மை என்ற, உடல் வளர்ச்சி நின்றுபோகும் பரம்பரை நோய் சார்லோஸ் நாயிலும் செக்கோஸ்லோவாக் ஓநாய்நாயிலும் இன்றுவரை இருக்கிறது. ஓநாயைக் கொண்டு கழுவ நினைத்த குறை ஓநாயோடு சேர்ந்தே வந்துவிட்டது.

இரண்டு சோதனைகளுக்கும் இடையில் வித்தியாசம் எங்கே என்றால், பொறுக்குவதில். ஓட்டத்தில் தேறாததையும் பயிற்சியில் தேறாததையும் எல்லைப் படைக்காரர்கள் அடுத்த தலைமுறைக்கு விடவில்லை. படைக்குப் பிரியமான செல்லம் என்று எதுவும் கிடையாது. அதே காலத்தில், 1959ல், சோவியத் விஞ்ஞானி திமீத்ரி பெல்யாயெவ் சைபீரியாவில் நரிகளில் மனிதனைக் கண்டு பயப்படாதவற்றை மட்டும் பொறுக்கி இணை சேர்க்கும் வேலையை ஆரம்பித்தார். அவர் காட்டு விலங்கை நாய்த்தன்மைக்குத் தள்ளிக்கொண்டு போனார்; ஹார்ட்ல் நாய்க்குள் காட்டு விலங்கைக் கொண்டுவந்துவிட்டு, பிறகு அதன் காட்டுத்தனத்தை வெளியே தள்ளத் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார். எனக்கு பெல்யாயெவ் வழி சுலபமாகத் தோன்றுகிறது.

மூன்றாம் ஓநாய், நான்காம் ஓநாய்

1965ல் சோதனை முடிந்தது என்று எழுதி, இனி இதைத் தனி இனமாக வளர்க்கலாம் என்று திட்டம் போட்டார்கள். ஆனால் பிரிதாவின் பிள்ளைகள் மட்டும் போதாது; எல்லாம் நெருங்கிய சொந்தம். பிரிதாவை குர்ட் என்ற இன்னொரு ஷெப்பர்டோடு சேர்த்து இரண்டாம் வரிசை ஏற்கெனவே வந்திருந்தது. 1968ல் ஆர்கோ என்ற ஆண் ஓநாயை அஸ்தா என்ற போலீஸ் பெட்டை நாயோடு சேர்த்து மூன்றாவது. 1974ல் ஷாரிக் என்ற ஓநாய். 1983ல் ஹ்லுபோகா விலங்குக்காட்சி சாலையின் லெய்டி என்ற பெண் ஓநாய், அதற்கு போயார் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட். இந்த ஈற்றோடு கதவைச் சாத்தினார்கள். அதற்குப்பின் ஓநாயும் சேர்க்கக் கூடாது, ஷெப்பர்டும் சேர்க்கக் கூடாது. இன்று பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அந்த நான்கு ஓநாய்களுக்கும் சில ஷெப்பர்டுகளுக்கும் இடையில் சுற்றிச் சுற்றி வந்ததுதான். முகம் ஓநாய், சாய்ந்த பழுப்பு மஞ்சள் கண் ஓநாய், குளிர்காலத்து முடி ஓநாய். மரபணுவைப் பார்த்தால் ஷெப்பர்டுக்குத்தான் நெருக்கம்.

ஹார்ட்லோடு சேர்ந்து இந்த இனத்தைக் காப்பாற்றியவர் ஸ்லோவாகியப் பக்கத்து எல்லைப் படை அதிகாரி பிரான்டிஷெக் ரோசீக். பரிசோதனைக் கொட்டில்களில் மேலதிகாரி மாறினால் முதலில் போவது நாய்கள்தான் என்பதால், இந்த மாதிரி பிடிவாதக்காரர் ஒருவர் இல்லாவிட்டால் கதை அறுபதுகளிலேயே முடிந்திருக்கும் என்பது என் ஊகம். 1982ல் நாட்டின் சொந்த இனமாக அங்கீகாரம். 1989 ஜூனில் எஃப்.சி.ஐ. என்னும் உலக நாயினக் கூட்டமைப்பு தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது. இன எண் 332. கடுவன் தோள் உயரம் குறைந்தது 65 சென்டிமீட்டர், பெட்டை 60.

அதே வருடம் டிசம்பரில் செக்கோஸ்லோவாகியாவின் மேற்கு எல்லைக் கம்பிவேலியை அறுத்து எறிந்தார்கள். நாய் தயாரானபோது காக்க வேண்டிய வேலி போய்விட்டது. 1993ல் நாடும் இரண்டானது. 1999ல் முழு அங்கீகாரம் வந்தபோது, பேரில் இருந்த நாடு வரைபடத்தில் இல்லை. இனத்தின் தரவரையறைக்குப் பொறுப்பு ஸ்லோவாகியாவிடம் இருக்கிறது.

இப்போது வாங்குகிறவர்கள்

படைக்காரர்கள் செதுக்கிச் செதுக்கிக் குறைத்ததை இன்று பணம் கொடுத்துக் கூட்டுகிறார்கள். 'ஓநாய் சதவீதம்' என்று விளம்பரம் செய்தால் விலை ஏறுகிறது. இத்தாலியில் ரகசியமாகக் காட்டு ஓநாயைச் சேர்த்துவிட்டு, சுத்த செக்கோஸ்லோவாக் ஓநாய்நாய் என்று காகிதம் போட்டு விற்ற கும்பலை 2017ல் அந்நாட்டுப் போலீஸ் பிடித்தது. பிரிட்டன் சட்டம் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறது: முதல் இரண்டு தலைமுறைக் கலப்புக்குக் காட்டு விலங்கு உரிமம் வேண்டும், மூன்றாவதிலிருந்து நாய். நார்வே இந்த இனத்தையே தடைசெய்துவிட்டது. அமெரிக்காவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாய்க்கு உண்டு, ஓநாய்க் கலப்புக்கு என்று அனுமதி பெற்ற மருந்து இல்லை. அப்படிப்பட்ட பிராணி யாரையாவது கடித்துவைத்தால் ஊசி போட்டிருக்கிறோம் என்று காகிதத்தைக் காட்டி அதைக் காப்பாற்றிவிடலாம் என்று இருக்க முடியாது.

சதவீதமும் நம்பத்தக்கதல்ல. ஜெர்மனியின் கீல் நகரில் ஓநாயையும் பூடில் நாயையும் கலந்து பார்த்தார்கள். முதல் தலைமுறை ஒன்றைப்போல் ஒன்று. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தபோது இரண்டாம் தலைமுறையில் ஒரே ஈற்றில் பயந்தாங்கொள்ளி, ஆளோடு ஒட்டிக்கொள்வது, சுருள் முடி, நேர் முடி எல்லாம் கலந்து வந்தன. தாளில் ஒரே பங்கு ரத்தம். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும். ஆகவே குட்டியை விற்கிறவன் '25 சதவீதம்தான் சார், சாது' என்று சொன்னால் அவனுக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறான். இன்னொன்றையும் அவன் சொல்ல மாட்டான்: ஆறு மாதத்தில் குழந்தை மாதிரி இருப்பதன் உண்மைக் குணம் இரண்டு வயதில், இனப்பெருக்க வயது வரும்போதுதான் தெரியும். அதுவும் குளிர்காலத்தில்.

இந்தியாவில் இந்தக் கலப்பு யாரும் கேட்காமலே நடக்கிறது. புணே பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாய்களைக் கவனித்துவந்த தி கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட் அமைப்பினர் கண்ணில் நிறம் ஒத்துவராத விலங்குகள் பட்டன. ஏட்ரீ, என்.சி.பி.எஸ். ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆய்வாளர்கள் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்து, ஓநாய்–நாய் கலப்பு என்று 2023ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் மரபணு வழியே உறுதியான முதல் பதிவு அது. இந்திய ஓநாய் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாடு முழுக்கச் சுமார் 3,100 என்பது 2022ல் வெளியான மதிப்பீடு. புலிக்குக் காடு ஒதுக்குகிறோம். ஓநாய் வாழும் புல்வெளியை நம் வருவாய்த் துறைக் காகிதம் தரிசு என்று எழுதுகிறது. அந்தத் தரிசின் ஓரத்தில் கோழிக் கழிவு கொட்டுகிறார்கள், அதைத் தின்னத் தெருநாய்கள் வருகின்றன. கூட்டத்தைப் பிரிந்து துணை தேடும் இளம் ஓநாய்க்கு இன்னொரு ஓநாய் கிடைப்பதற்கு முன் அந்த நாய்தான் எதிர்ப்படுகிறது.